அறுப்பு மெஷினை நிறுத்தச் சொல்லாதவர்

டைரக்டரை முதன்முதலில் பார்த்தபோது, அவர் எடுக்காத ஒரு சீரியலை அவரிடமே வாயாரப் புகழ்ந்தவன் நான். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. வேறு யாராவது சொன்னால் இன்னும் நாலு வரி சேர்த்துச் சொல்வார்கள்.

இடம் நீடாமங்கலம் ரயில்வே கேட். டெல்டாக்காரர்களுக்கு அந்தக் கேட்டைப் பற்றி விளக்க வேண்டாம். சென்னையிலிருந்து வந்து இந்த சீரியல் வேலையில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: அது மூடினால் இறங்கி டீ குடிக்கலாம், வடை தின்னலாம், பக்கத்து வண்டிக்காரரோடு சம்பந்தம் பேசி முடிக்கலாம். அன்றைக்கு என் பைக்குக்குப் பக்கத்தில் நின்ற காரில், முன் சீட்டில், கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். வாரப் பத்திரிகையில் போட்டோ பார்த்திருந்தேன். அடையாளம் தெரிந்துவிட்டது. தெரியாமல் இருந்திருக்கலாம்.

"சார், நான் உங்க பரம ரசிகன் சார்!"

"அப்படிங்களா? சந்தோஷம்."

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நான் நிறுத்தவில்லை. கதாநாயகி கோர்ட்டில் தாலியைக் கழற்றி நீதிபதியின் மேசையில் வைக்கும் காட்சி, அதற்குப் பின்னால் வரும் இடி, அந்த இடிக்குப் பின்னால் வரும் மின்னல், எல்லாவற்றையும் கேட் மூடிய ரோட்டில் நின்று நடித்தே காட்டினேன். நீதிபதியாக என் பைக்கின் பெட்ரோல் டாங்க். அவர் கதவில் கையை ஊன்றிக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "அப்புறம்?" என்று வேறு கேட்டார். நடுவில் ஒரே ஒரு கேள்விதான் வேறு விஷயமாகக் கேட்டார்.

"கேட் எப்பங்க தொறப்பாங்க?"

"ஒரு கூட்ஸ் போவும் சார். அப்பறம் மன்னார்குடி வண்டி வரும். அது போனதும் தொறந்துருவாங்க."

அதேபோல ஆயிற்று. கேட் தூக்கியதும் கார் நகரத் தொடங்கியது. அவர் தலையை வெளியே நீட்டிச் சொன்னார்: "அந்த சீரியல் என்னோடது இல்லைங்க. ஆனா ரொம்ப நல்லாச் சொன்னீங்க. எடுத்தவரு எனக்குத் தெரிஞ்சவருதான். நீங்க சொன்னத அவருகிட்ட சொல்லிடறேன்."

பின்னால் நின்ற லாரிக்காரர் ஹாரன் அடித்துத்தான் என்னை இந்த உலகத்துக்கு மீட்டுக்கொண்டு வந்தார்.

அப்போது எனக்கு பந்தல், நாற்காலி, பாத்திரம் வாடகைக்கு விடும் கடை. அந்த அவமானம் ஆறுவதற்குள் அவருடைய உதவி இயக்குநர் கடையை விசாரித்துக்கொண்டு வந்துவிட்டார். இந்தப் பக்கம் ஒரு புது சீரியல் எடுக்கப் போகிறார்களாம், வீடு, வயல், வாய்க்கால் எல்லாம் பார்த்துக் கொடுக்க உள்ளூர் ஆள் வேண்டுமாம், 'கேட்டுல நடிச்சாரே, அவரக் கூட்டிட்டு வாங்க' என்றாராம். போய் நின்றேன். என்னை எதற்கு சார் என்று கேட்டேன்.

"நீங்க பேசுனதெல்லாம் தப்பு. ஆனா எந்த ரயிலு போனா கேட் தொறக்கும்னு மட்டும் சரியாச் சொன்னீங்க. எனக்கு அது போதும்."

இப்படித்தான் நான் லொகேஷன் மேனேஜர் ஆனேன். யூனிட்டில் என் பெயர் 'பந்தல்'. அவரும் அப்படித்தான் கூப்பிடுவார். இப்போது முதுகுத்தண்டு என்னைக் கேட்காமலேயே ரிட்டயர் ஆகிவிட்டதால் நானும் கூடவே ரிட்டயர் ஆகிவிட்டேன். தலைமுடி இன்னும் பாதி கறுப்புதான். 'அவரைப் பத்தி எழுதிக் குடுங்கண்ணே, நாங்க அவரோட வேலை செஞ்சதில்ல' என்று நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன். உங்களுக்கு வீடு பிடிப்பது எப்படி, பர்மிஷன் வாங்குவது எப்படி என்பதெல்லாம் தானாக வந்துவிடும். வராத ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல என்னிடம் ஒரு வயலும் ஒரு மெஷினும்தான் இருக்கின்றன.

அதற்கு முன், அவர் வேலையைப் பற்றிக் கொஞ்சம். இந்தத் தடவை அவர் எடுத்ததைப் பற்றித்தான்.

மற்றவர்கள் சீரியலில் மாமியார் திரும்பினால் கேமராவும் மூன்று தடவை திரும்பும். இவர் சீரியலில் மாமியார் திரும்புவது, அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்க்க. இவர் பாத்திரங்கள் சாப்பிட உட்கார்ந்தால் சாப்பிட்டு முடிப்பார்கள். கை கழுவுவார்கள். கட்டிய புடவையையே மறுபடி கட்டுவார்கள். முக்கியமான சண்டையின் நடுவில் கேஸ் தீர்ந்துபோகும். சண்டையை நிறுத்திவிட்டு இரண்டு பேரும் சேர்ந்து சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து மாட்டுவார்கள், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "நம்ம வீட்டுல கேமரா எங்க வெச்சிருக்காரு?" என்று கேட்டாள். ஒரு டைரக்டருக்கு இதைவிடப் பெரிய பட்டம் யாரும் கொடுக்க முடியாது.

ஷூட்டிங்குக்கு ஒரு வீட்டைப் பிடித்துக் கொடுத்தால் முதலில் போய் சும்மா உட்காருவார். வீட்டுக்காரர்கள் சாவியை எங்கே மாட்டுகிறார்கள், மழை பெய்தால் முதலில் எதைத் தூக்கி உள்ளே வைக்கிறார்கள் என்று பார்ப்பார். ஒரு தடவை ஆர்ட் டைரக்டர் ஒரு வீட்டுச் சுவரிலிருந்து காலண்டரைக் கழற்றினார். இவர் அதை வாங்கி, அந்த வீட்டம்மாவிடம் கொடுத்து, "நீங்களே மாட்டிடுங்கம்மா. நாங்க மாட்டுனா நேரா மாட்டிருவோம்" என்றார்.

இனி வயலுக்கு வருகிறேன்.

சீரியலின் கதையில் ஓர் அப்பா. மகளை நர்ஸ் படிப்புக்கு அனுப்பியவர். வீட்டுக்குத் தெரியாமல் நிலத்தை விற்றுவிட்டார். லீவில் வந்த மகளிடம் வயலில் வைத்து அதைச் சொல்ல வேண்டும். இரண்டு பக்க வசனம். சேனல்காரர்கள் வாரக்கணக்கில் விளம்பரம் போட்டுக்கொண்டிருந்த காட்சி. ஏற்கெனவே அவர்களுக்கு எங்கள் சீரியல் மேல் அதிருப்தி. 'ஸ்லோவா போவுது, மத்தியானத்துக்கு மாத்திடுவோம்' என்று மிரட்டிக்கொண்டிருந்தார்கள். இந்தக் காட்சி ஜெயித்தால்தான் ராத்திரி நேரம் எங்களிடம் நிற்கும் என்று யூனிட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அதற்கு அறுப்புக்கு நிற்கும் குறுவை நெல் வயல் வேண்டும் என்றார்கள். நான் லூர்துமேரி அக்காவின் வயலைப் பிடித்தேன். நீடாமங்கலத்துக்குக் கிழக்கே, வாய்க்கால் ஓரம், தங்கம் மாதிரி விளைந்திருந்தது. அக்காவின் மாமனார் அதே வயலில் கூலிக்கு நாற்று நட்டவர். இப்போது பட்டா அக்காவின் பேரில். முந்தின வருஷம் குறுவை அப்படியே மழையில் முழுகிப்போய், அறுக்காமலேயே உழுதுவிட்டார். இந்த வருஷத்து நெல்லை வீட்டுக்குக் கொண்டுவருவது ஒன்றுதான் அவருக்கு இருந்த யோசனை. எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் சென்னை ஆட்களிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்: "அக்கா பொண்ணு கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவன் நானு. நான் சொல்ற வரைக்கும் அருவா படாது."

அந்தக் காலத்திலேயே அருவா எங்கே பட்டது? எல்லாம் மெஷின்தான். என் வாக்குறுதி அங்கேயே ஓட்டை.

முதல் நாள் காட்சியின் முன்பாதியை எடுத்தோம். மகள் வரப்பில் வருகிறாள், அப்பா மடையில் நிற்கிறார், ஊர்க்கதை பேசுகிறார்கள். பின்னால் முழுக்க விளைந்த நெல். சாயங்காலம் வெளிச்சம் போய்விட்டது. மீதியைக் காலையில் எடுப்பதாக முடிவு. அப்பாவாக நடித்தவர் பழைய நாடக நடிகர், யூனிட்டில் எல்லோருக்கும் 'ஐயா'. அவர் மறுநாள் சாயங்கால ரயிலில் சென்னை போயாக வேண்டும்.

காலையில் நாங்கள் போய் இறங்கும்போது வயலோரத்தில் அறுப்பு மெஷின் நிற்கிறது. பெல்ட் மெஷின். ஈர வயலில் டயர் மெஷின் புதைந்துவிடும், பெல்ட் மெஷின்தான் இறங்கும், அதுவும் அந்த நேரத்தில் ஊருக்கு ஒன்று கிடைத்தால் அதிர்ஷ்டம். மழை வருகிறது என்று டிவியில் சொன்னதும் எல்லோரும் அதற்கு அலைந்திருக்கிறார்கள். முறை மாறி மாறி அக்காவின் முறை அன்றைக்கே வந்துவிட்டது. கிழக்கே பார்த்தால் வானம் இரும்புச் சட்டி நிறத்தில் இருந்தது.

எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜருக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

"யோவ் பந்தல், என்னய்யா இது? நேத்து பின்னாடி நெல்லு, இன்னிக்கு பின்னாடி மொட்டையா? நிறுத்தச் சொல்லுய்யா. மத்தியானம் வரைக்கும். நீ சொன்னா கேப்பாங்கன்னியே?"

"பக்கத்து வயல்ல எடுக்கலாம் சார்."

"அது பச்சையா இருக்குய்யா!"

பச்சையாகத்தான் இருந்தது. கிராஃபிக்ஸில் மஞ்சளாக்கிவிடலாம் என்று உதவி இயக்குநர் ஒருவர் சொன்னார். எல்லோரும் அவரைப் பார்த்த பார்வையில் அவரே மஞ்சளாகிவிட்டார்.

நான் வரப்பில் நடந்து அக்காவிடம் போனேன். அவர் புடவையைச் செருகிக்கொண்டு, மெஷின் டிரைவருக்கு வரப்பு முனையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒரு சின்ன உதவி."

"மெஷின நிறுத்தணும். அதானே?"

"மத்தியானம் வரைக்கும்தான்க்கா. ஒரே ஒரு சீனு."

அவர் என் தாடையைப் பிடித்து முகத்தைக் கிழக்கே திருப்பினார். "மொதல்ல அதப் பாரு. பாத்துட்டு அப்பறம் கேளு."

பார்த்தேன். கேட்க வாய் வரவில்லை. இருந்தாலும் வேலை என்று ஒன்று இருக்கிறதே.

"நான் பந்தல் போட்டவன்க்கா..."

"நீ பந்தல் போட்ட அன்னிக்கே அது ஒரு பக்கமா ஒழுவுச்சு. அத நான் யாருகிட்டயாவது சொன்னனா?" என்றார். "ஒங்க கதையில அப்பன் நெலத்த வித்துட்டு அழுவுறான். நான் விக்காமயே அழுவணுமா தம்பி?"

மெஷின் டிரைவர் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். "அண்ணே, நிறுத்தினா நான் அடுத்த ஊருக்குப் போயிருவேன். அங்க நாலு பேரு ரோட்டுல நின்னுட்டிருக்காங்க. மறுபடி இங்க எப்ப வருவேன்னு என்னாலயே சொல்ல முடியாது" என்றார். அவர் மிரட்டவில்லை. நிலவரத்தைச் சொன்னார்.

திரும்பிப் பார்த்தால் டைரக்டர் வந்துகொண்டிருக்கிறார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வழுக்காமல், வரப்பில். மேனேஜர் பின்னாலேயே வழுக்கி வழுக்கி வருகிறார். எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. பெரிய மனிதர் வந்து கேட்டால் அக்கா இளகிவிடுவார் என்று நினைத்தேன். அக்கா அவர் சீரியலை ஒரு நாள் விடாமல் பார்ப்பவர். என் கணக்கு அதுதான்.

இப்போது கவனமாகப் படியுங்கள். நம் தொழிலில் பெரிய பெயரை வைத்து நாம் வாங்காத பர்மிஷன் கிடையாது. 'சாரே கேக்குறாரு' என்றால் கல்யாண வீட்டில் சமையலைக்கூட நிறுத்துவார்கள். அவருக்கும் அது தெரியும். அவர் கேட்டிருந்தால் அக்கா நிறுத்தியிருப்பார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அவருக்கும் அது தெரிந்திருந்ததால்தான் அவர் கேட்கவில்லை.

அவர் கேட்டது இது: "எந்தப் பக்கத்துலேருந்துங்க ஆரம்பிப்பாங்க?"

அக்கா சண்டைக்குத் தயாராக நின்றவர், கொஞ்சம் தடுமாறிப்போனார். "அந்த வாய்க்கா ஓரத்துலேருந்து. சுத்திச் சுத்தி நடுவுல வந்து முடியும்."

"அப்ப இந்தப் பக்கத்து வரப்புகிட்ட வர எவ்ளோ நேரம் ஆவும்?"

"இப்ப எறக்குனா, நீங்க ஒரு காப்பி குடிக்கிற நேரம்."

"சரி, அறுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

மேனேஜர் கெஞ்சினார். "சார், கன்டின்யூட்டி? நேத்து ஷாட்ல நெல்லு நிக்குது சார்!"

"நேத்து அப்பாவும் பொண்ணும் பேச ஆரம்பிச்சாங்க. பேசிக்கிட்டு இருக்கும்போது மெஷின் வந்துருச்சு. அவ்வளவுதானே? வித்தவரு வயல்ல இது கடைசி அறுப்பு. இத விட்டுட்டு வெறும் நெல்லையா எடுக்கச் சொல்றீங்க?"

"சத்தம் சார்! ப்ராம்ப்டிங் எப்படி?"

உங்களுக்குத் தெரியாததா? உதவி இயக்குநர் வசனத்தை உரக்கப் படிப்பார், நடிகர் அதைக் காதில் வாங்கிச் சொல்வார், ஸ்பாட்டில் பதிவாகும் சத்தம் குறிப்புக்கு மட்டும், குரலை அப்புறம் சென்னையில் டப்பிங்கில் சேர்ப்போம். அந்த மெஷின் இறங்கினால் பக்கத்தில் நிற்பவர் தும்மினாலே கேட்காது.

டைரக்டர் நடிகர் ஐயாவிடம் போனார். "ஐயா, ப்ராம்ப்ட் கேக்காது. எனக்கும் நீங்க பேசுறது கேக்காது. பொண்ணுக்கும் சரியாக் கேக்காது. ஆனா நீங்க அவகிட்ட சொல்லித்தான் ஆவணும். சொல்லுங்க."

ஐயா துண்டை உதறித் தோளில் போட்டார். "என்ன சொல்லணும்?"

"கடைசி வரி மட்டும் ஞாபகம் இருந்தாப் போதும்."

மெஷின் இறங்கியது. கொக்குகள் எங்கிருந்துதான் வந்தனவோ, அதன் பின்னாலேயே கூட்டமாக நடந்தன. ஒரு சுற்று, இரண்டு சுற்று. எங்கள் வரப்பை நெருங்கும்போது டைரக்டர் கையைத் தூக்கினார். கேமரா ஓடத் தொடங்கியது.

அந்தக் காட்சியை நான் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஐயா பேசுகிறார். தொண்டை நரம்பு புடைக்கப் பேசுகிறார். ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. மகளாக நடித்த பெண் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பின்னால் மெஷின் நெல்லைத் தின்றுகொண்டே வருகிறது. ஐயா தன் தலையில் கை வைக்கிறார். துண்டை எடுத்து முகத்தை மூடுகிறார். அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிடுகிறார்.

அந்த நேரம் பார்த்து மெஷின் நின்றுவிட்டது.

பெரியவருக்கு நெஞ்சு வலி வந்துவிட்டது என்று டிரைவர் நினைத்துவிட்டாராம். பயந்துபோய் எஞ்சினை அணைத்துவிட்டார். அவ்வளவு சத்தத்துக்குப் பிறகு வந்த அமைதி காதில் அடித்தது. சீன் போச்சே! 'ஏய், ஓட்டுய்யா!' என்று கத்த வாயைத் திறந்தேன்.

ஒரு கை வந்து என் வாயைப் பொத்தியது. டைரக்டரின் கை. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கண் ஐயாவின் மேல், கை என் வாயின் மேல். காலையில் சாப்பிட்ட இட்லிப்பொடியின் எண்ணெய் வாசனை இன்னும் அந்தக் கையில் இருந்தது.

அந்த அமைதியில் ஐயா துண்டை எடுத்துவிட்டு, கத்திக் கத்தி உடைந்துபோன குரலில், மெதுவாகச் சொன்னார்:

"அம்மாகிட்ட சொல்லிடாதம்மா."

டைரக்டர் 'கட்' சொல்லவில்லை. நாங்களெல்லாம் அவர் வாயைப் பார்க்கிறோம், அது மூடியே இருக்கிறது. அப்போது அந்தப் பக்கத்து வரப்பிலிருந்து லூர்துமேரி அக்கா ஒரு போடு போட்டார்:

"ஏய்யா நிறுத்துன? மழ வருது, ஓட்டுய்யா!"

அந்தப் பெண் திடுக்கிட்டு அந்தக் குரல் வந்த திசையில் திரும்பினாள். மெஷின் உறுமியது. அறுக்காமல் நின்ற நெல்லுக்குள் புகுந்தது. அதற்குப் பிறகுதான் என் வாயிலிருந்து கை விலகியது. "கட்" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

மழை மத்தியானத்துக்கு வந்தது. நெல்லெல்லாம் களத்தில் குவிந்து கிடந்தது, டிராக்டர் வரவில்லை, அக்காவிடம் இருந்த தார்ப்பாய் பாதிக் குவியலுக்குத்தான் எட்டியது. டைரக்டர் எங்கள் லைட்டுகளை மூடியிருந்த தார்ப்பாயை உருவச் சொன்னார். மேனேஜர் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். லைட்டைத் தூக்கி வேனுக்குள் போட்டோம், தார்ப்பாயை நெல்லின் மேல் போட்டோம். நாங்கள் நனைந்தோம். ஐயா மட்டும் குடையோடு ரயில் ஏறினார்.

ஸ்டேஷனில் அவரிடம் கேட்டேன். "ஐயா, அவ்ளோ நேரம் என்னதான் பேசுனீங்க?"

"ப்ராம்ப்ட்தான் கேக்கலியே. சின்ன வயசுல மேடையில சொன்ன ராஜா வசனம் ஒண்ணு வாயில வந்துச்சு. நாடு போச்சு, நகரம் போச்சுன்னு. அதையே சொன்னேன்."

மகளாக நடித்த பெண்ணிடமும் கேட்டேன். அப்படி ஒரு பார்வை எப்படிம்மா வந்தது என்று. "அவரு என்ன சொல்றாருன்னு ஒண்ணுமே புரியலண்ணா. புரியாதான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றாள். டைரக்டருக்கு வேண்டியதும் அதுதான் என்று எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. அப்பா சொல்லும் சொல் மகளுக்குக் கேட்கக் கூடாது, ஆனால் விஷயம் விளங்கிவிட வேண்டும்.

சேனலில் போட்டுப் பார்த்துவிட்டு, வசனத்தை டப் பண்ணிக் கொடுங்கள், அந்தப் பொம்பளை குரலை எடுத்துவிடுங்கள் என்றார்கள். அவர் இரண்டையும் செய்யவில்லை. "டப்பிங்குக்கு ஐயா வர முடியாது, ஒடம்பு சரியில்ல" என்று சொல்லிவிட்டார். ஐயா அப்போது பக்கத்து ஸ்டுடியோவில் வேறு சீரியலுக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தார்.

காட்சி ஒளிபரப்பான அன்றைக்கு எங்கள் ஊர் கேபிள்காரர் என் வீட்டுக்கு ஓடி வந்தார். "என்னய்யா எடுத்து வெச்சிருக்கீங்க? பேச்சே கேக்கலன்னு ஊரே எனக்கு போன் போட்டுத் திட்டுது!" மறுநாள் மன்னார்குடி பஸ்ஸில் போனேன். இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். அப்பா என்ன சொல்லியிருப்பார் என்று ஒருத்தி ஒரு மாதிரி சொன்னாள், இன்னொருத்தி வேறு மாதிரி சொன்னாள். இரண்டும் நாங்கள் எழுதிய இரண்டு பக்கத்தைவிட நன்றாக இருந்தது. அதில் ஒருத்தி பாதியில் பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுடைய அப்பாவை நினைத்திருப்பாள்.

கதை இங்கே வெற்றியில் முடிந்தால் நன்றாக இருக்கும். முடியவில்லை. சேனல் எங்களை மத்தியானத்துக்கு மாற்றத்தான் செய்தது. நான் போய் அவரிடம் புலம்பினேன். "விடுங்க பந்தல். மத்தியானம் பொம்பளைங்க வேலையெல்லாம் முடிச்சு உக்காந்து சோறு திங்கிற நேரம். நம்ம கூட உக்காந்து சாப்புடட்டும்" என்றார். அவருக்கும் வலித்திருக்கும். சாப்பாட்டைப் பற்றிப் பேசியதால் எனக்குத் தெரியும். வலிக்கும்போதெல்லாம் அவர் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசுவார்.

பிள்ளைகளே, நாம் 'லொகேஷன்' என்று சொல்வது வேறு யாரோ ஒருவருடைய வயல். நமக்கு அது ஒரு நாள் பின்னணி. அவர்களுக்கு அதுதான் கதை. இதை நான் இப்போது எழுதும்போது பெரிய ஞானம் மாதிரி இருக்கிறது. அன்றைக்கு நான் செய்ததோ, ஒழுகிய பந்தலைச் சொல்லி ஒரு வருஷத்து நெல்லை நிறுத்தப் பார்த்தது.

சென்ற மாதம் அவர் காலமானார். தஞ்சாவூரில் ஒரு ஹாலில் நினைவுக் கூட்டம் வைத்தோம். நீங்களும் சிலர் வந்திருந்தீர்கள். பேச என்னைக் கூப்பிட்டார்கள். நான் ஏறினேன். அந்த வயல் காட்சியைப் பற்றித்தான் பேசினேன். மௌனத்தின் மகத்துவம், சத்தத்தின் நடுவே அமைதி, சொல்லாமல் சொல்லும் கலை என்று, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் பேசினேன். டைரக்டர் என் வாயைப் பொத்தியதை நடித்தும் காட்டினேன், என் கையாலேயே என் வாயைப் பொத்திக்கொண்டு. கையை எடுத்ததும் மறுபடி தொடர்ந்தேன். துண்டுச்சீட்டு வந்தது. அதைப் பாராட்டு என்று நினைத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். கடைசியில் யாரோ கைதட்டி என்னை இறக்கினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இறங்கி, பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

அங்கே லூர்துமேரி அக்கா இருந்தார். நீடாமங்கலத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். புடவை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் பேச்சு அவரை உருக்கிவிட்டது என்று நினைத்தேன்.

"எப்படிக்கா இருந்துச்சு?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அந்த சீன்ல ரெண்டு பேரு கொரலுதான் கேக்கும் தம்பி. அந்தப் பெரியவரு கொரலு, என் கொரலு. ஒன் கொரலு வரக் கூடாதுன்னுதான் அவரு கைய வெச்சு அடச்சாரு. அந்தக் கை போயிருச்சு. இனிமே நீயாத்தான் மூடிக்கணும்."